தலைமேல் வைத்த கை

தமிழ் அச்சுப் புத்தகத்தின் பூர்வோத்தரத்தைப் பற்றிப் பேச்சு வந்தால் தரங்கம்பாடியைச் சொல்லாமல் தீராது. 1578-இலேயே போர்த்துக்கீசியப் பாதிரிமார் கொல்லத்தில் தமிழ் எழுத்தில் ஒரு சிறு புத்தகம் போட்டுவிட்டார்கள் என்பது உண்மை. ஆனாலும் சீகன்பால்கு ஐயரும் அவருடைய சகாக்களும் தரங்கம்பாடியில் அச்சுக்கூடம் வைத்து, 1715-இல் புதிய ஏற்பாடு முழுவதையும் தமிழில் அச்சிட்டு முடித்த கதைதான் நம் மனத்தில் நிற்கிறது. பள்ளிக்கூடப் பிள்ளைகள்கூட அதை ஒப்பிப்பார்கள்.

அந்த அச்சு இயந்திரத்தை வாங்கிக் கொடுத்தது யார் என்று கேட்டால் மட்டும் பிள்ளைகள் விழிப்பார்கள். பெரியவர்களும் விழிக்கலாம். சீகன்பால்கு ஜெர்மானியர், லுத்தரன் சபையைச் சேர்ந்தவர். அவரை அனுப்பியவர் டென்மார்க் தேசத்து அரசர் நான்காம் ஃபிரடெரிக், அவரும் லுத்தரன். ஆனால் இயந்திரமும் காகிதமும் வந்தது லண்டனிலிருந்து. அனுப்பியவர்கள் இங்கிலாந்து சபையார், அதாவது ஆங்கிலிக்கர்கள்.

இதில் என்ன அதிசயம், எல்லாரும் கிறிஸ்தவர்கள்தானே என்று வாசகர்கள் நினைக்கலாம். வடகலையாரும் தென்கலையாரும்கூட எல்லாரும் வைஷ்ணவர்கள்தான்! யானைக்கு எந்த நாமம் போடுவது என்று அவர்கள் கோர்ட்டுக்குப் போனது நமக்குத் தெரியும். தென்கலை மடத்துத் தேருக்கு வடகலைக்காரர்கள் மரம் வாங்கிக் கொடுத்தார்கள் என்று யாராவது சொன்னால் நாம் ஒரு தரத்துக்கு இரண்டு தரம் கேட்டுத் தெரிந்துகொள்வோம் அல்லவா? தரங்கம்பாடியில் நடந்தது அந்த மாதிரி விஷயம். அதுவும் ஒரு நாள் இரண்டு நாள் அல்ல. நூறு வருஷத்துக்கு மேல் நடந்தது. அது எப்படி நடந்தது, பிற்பாடு எப்படி நின்றது, நின்றதனால் தமிழ் நாட்டுக் கிராமங்களில் யார் யாருக்கு என்ன நேர்ந்தது என்பதைத்தான் இங்கே சொல்லப் போகிறேன்.

முதலில் நாம விவகாரத்தைத் தெரிந்துகொள்ள வேண்டும். இரண்டு சபைகளும் ரோமாபுரிப் போப்பாண்டவரை விட்டுப் பிரிந்தவை. இரண்டுக்கும் வேதபுஸ்தகம் ஒன்று, ஞானஸ்நானம் ஒன்று. ஆனால் குருப்பட்டம் கொடுப்பதில் ஒரு வித்தியாசம். பட்டம் பெறுகிறவன் முழங்காலில் நிற்பான். அவன் தலைமேல் கை வைத்து ஜபம் செய்து அவனைக் குருவாக்குவார்கள். அந்தக் கை யாருடைய கை என்பதுதான் கேள்வி. இங்கிலாந்து சபையார், அது பிஷப்பின் கையாக இருக்க வேண்டும் என்றார்கள். இயேசுநாதரின் சீடர்கள் முதல் ஒரு பிஷப் தலையில் இன்னொரு பிஷப் கை வைத்து, சங்கிலிக் கண்ணிபோல் அறுபடாமல் வருகிற பரம்பரை அது என்பது அவர்கள் கொள்கை. லுத்தரன்மார், சுவிசேஷம் சுத்தமாகப் பிரசங்கிக்கப்பட்டு, சடங்குகள் முறைப்படி நடந்தால் அதுவே சபை. மூத்த குருமார் கை வைத்தாலும் போதும் என்றார்கள். 1662-இல் இங்கிலாந்தில் செய்த சட்டம், பிஷப் கை வைக்காத எவனும் இங்கிலாந்து சபைக் கோவிலில் நற்கருணை கொடுக்கக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டது. உள்நாட்டிலே ஆயிரக்கணக்கான போதகர்கள் இந்தச் சட்டத்தால் வேலையை இழந்து வெளியே போனார்கள். அவ்வளவு கறார்.

இந்தக் கறாரான சபைதான் தரங்கம்பாடி ஜெர்மானியருக்குக் கை கொடுத்தது.

காரணம், கொஞ்சம் அரண்மனைச் சம்பந்தம். இங்கிலாந்தை அப்போது ஆண்ட ஆன் ராணியின் புருஷர் ஜார்ஜ், டென்மார்க் ராஜகுமாரர், லுத்தரன். மனைவி இங்கிலாந்து சபைக்குத் தலைவி. புருஷருக்கோ தனியாக ஒரு லுத்தரன் குரு! போமே என்ற அந்தக் குரு சீகன்பால்கின் கடிதங்களை இங்கிலீஷில் மொழிபெயர்த்து 1709-இல் புத்தகமாக வெளியிட்டார். கிறிஸ்தவ அறிவு வளர்ச்சிச் சங்கம் என்று லண்டனில் 1698-இல் ஏற்பட்டிருந்த ஆங்கிலிக்கச் சங்கத்தார் அதைப் படித்தார்கள். தூரதேசத்தில், சுட்டெரிக்கும் மணலில், இரண்டு மூன்று பேர் பனையோலையை வைத்துக்கொண்டு தவிக்கிறார்கள் என்று அறிந்ததும், அச்சு இயந்திரம் அனுப்பத் தீர்மானித்தார்கள். அவர்கள் தலையில் கை வைத்தது யார் என்று அப்போது ஒருவரும் கேட்கவில்லை.

அந்த இயந்திரத்தின் பிரயாணம் ஒரு நாவலுக்குக் காணும். 1711-இல் லண்டனிலிருந்து புறப்பட்டது. கூடவே ஜோனாஸ் ஃபிங்க் என்ற அச்சுத் தொழிலாளி. கப்பல் பிரேஸில் கரையில் ரியோ டி ஜெனீரோவில் நிற்கும்போது பிரெஞ்சுக்காரர்கள் வந்து பிடித்துக்கொண்டார்கள். சாமான்கள் கொள்ளை போயின. இயந்திரம் மட்டும் எப்படியோ தப்பியது. கப்பல் மீட்கப்பட்டு மறுபடி புறப்பட்டது. வழியில் ஃபிங்க் காய்ச்சலில் இறந்துபோனார். 1712-இல் இயந்திரம் தரங்கம்பாடி சேர்ந்தபோது அதை ஓட்ட ஆள் இல்லை. கடைசியில் டேனிஷ் கோட்டையிலேயே அச்சுத் தொழில் தெரிந்த ஒரு சிப்பாயைக் கண்டுபிடித்தார்கள். தமிழ் எழுத்துகள் அடுத்த வருஷம் ஜெர்மனியில் ஹாலே பட்டணத்திலிருந்து வந்தன. அவை பெரிதாக இருந்து காகிதத்தைத் தின்றபடியால், உள்ளூரிலேயே சிறிய எழுத்து வார்க்க ஆரம்பித்தார்கள். அதற்கு ஈயம்? லண்டன் சங்கத்தார் சாப்பிடுவதற்காக அனுப்பியிருந்த பாலாடைக் கட்டியின் ஈய உறையை உருக்கினார்கள் என்று ஒரு கதை உண்டு. கதையாகவே இருந்தாலும் நான் அதை நம்பத் தயார். பொறையாற்றில் ஒரு காகித ஆலையும் வைத்தார்கள்.

இப்படி, கட்டளை கோபன்ஹேகனிலிருந்து, ஆள் ஹாலேயிலிருந்து, பணமும் பண்டமும் லண்டனிலிருந்து என்று ஒரு கூட்டுக் குடித்தனம் ஏற்பட்டது. 1714-இல் இங்கிலாந்துக்கு ஜெர்மனியிலிருந்து ஒரு ராஜா வந்தார்: முதலாம் ஜார்ஜ். அவரும் பிறப்பில் லுத்தரனே. ஐரோப்பாவுக்குப் போயிருந்த சீகன்பால்கு திரும்பும்போது லண்டனில் அவரைப் பேட்டி கண்டார். 1717-இல் அந்த ராஜா தரங்கம்பாடிக்கு எழுதிய கடிதம் ஒன்று உண்டு. உங்கள் வேலையைப் பற்றிக் கேட்டுச் சந்தோஷப்பட்டேன் என்று. இங்கிலாந்து சபையின் தலைவர், அந்தச் சபையின் சட்டப்படி குருவாகாத ஒருவருக்கு எழுதிய பாராட்டு!

ஒற்றுமையைப் பற்றி இவ்வளவு சொன்னதால், தரங்கம்பாடியார் எல்லாரோடும் கொஞ்சிக் குலாவினார்கள் என்று எண்ணிவிட வேண்டாம். கத்தோலிக்கர்களோடு சண்டைதான். நம்முடைய தேம்பாவணி ஆசிரியர் வீரமாமுனிவர், அவர்களை மறுத்து 'லுத்தரினத்தியல்பு' என்றே ஒரு புத்தகம் எழுதினார். அது போதாதென்று 'பேதகமறுத்தல்' வேறு. தமிழ் வசனத்துக்கு அந்தச் சண்டையால் லாபம் என்பது தனி விஷயம். வேடிக்கை என்னவென்றால், சீகன்பால்கு தமிழில் கிறிஸ்தவச் சொற்களைக் கற்றுக்கொண்டதே கத்தோலிக்கப் பாதிரிமார் எழுதிவைத்திருந்த ஏடுகளிலிருந்துதான். 'சர்வேசுரன்' என்ற சொல் அந்த வழியில் வந்தது. ஆட்கள் பேசாவிட்டாலும் சொற்கள் பேசிக்கொண்டன.

சீகன்பால்கு 1719-இல் முப்பத்தாறு வயதில் மாண்டார். முந்தின வருஷம் தாம் கட்டிய புது எருசலேம் ஆலயத்திலேயே அடக்கமானார். அதற்குப் பிறகுதான் கூட்டுக் குடித்தனம் பெருகியது. 1726-இல் ஷூல்ட்சே என்பவர் தரங்கம்பாடியை விட்டுச் சென்னைக்கு வந்தார். 1728-இலிருந்து லண்டன் சங்கமே அவருக்குச் சம்பளம் கொடுத்தது. இப்போது நிலைமையைப் பாருங்கள். முன்பு லுத்தரன் ராஜாவின் ஊழியர்களுக்கு ஆங்கிலிக்கர்கள் உபகாரம் செய்தார்கள். இனிமேல் லுத்தரன் குருமார் ஆங்கிலிக்கச் சங்கத்தின் ஊழியர்களாகவே ஆகிவிட்டார்கள். சென்னை வேப்பேரி, கடலூர், திருச்சிராப்பள்ளி, தஞ்சாவூர், எங்கும் இதே ஏற்பாடு. வேப்பேரியில் இருந்து தமிழ் அகராதியும் ஞானப்பாட்டுகளும் வேதாகம மொழிபெயர்ப்பும் செய்த ஃபாப்ரீஷியஸ் ஐயரும் இப்படி லண்டன் சம்பளத்தில் இருந்த ஜெர்மன் லுத்தரன்தான்.

ஏன் ஆங்கிலேயர்களையே அனுப்பவில்லை? வர ஆள் இல்லை! இங்கிலாந்தில் வயலும் வருமானமுமாக ஒரு நல்ல ஊர்க் கோவில் கிடைக்கிறபோது, கப்பலேறிக் காய்ச்சலில் சாக எந்தக் குரு வருவார்? ஹாலேயில் ஃபிரான்கே என்ற மகான் அனாதைப் பள்ளிக்கூடத்தையும் அதைச் சுற்றி ஒரு பெரிய ஸ்தாபனத்தையும் வைத்து, எங்கே போகச் சொன்னாலும் போகிற வாலிபர்களைத் தயார் செய்துகொண்டிருந்தார். இந்தியாவிலோ கை வைக்கப் பிஷப்பே கிடையாது. ஆகையால் கேள்வியும் எழவில்லை. வசதிக்காக ஏற்பட்ட சிநேகம் என்று சொல்லலாம். சொல்லட்டும். வசதிக்காக ஏற்படுகிற கலியாணங்கள் எத்தனையோ நம் வீடுகளில் நன்றாகத்தானே நடக்கின்றன!

அந்தக் கலியாணத்தில் பிறந்த பிள்ளைகளைப் பற்றிச் சொல்ல வேண்டும். 1733 டிசம்பர் மாதம் 28-ஆம் தேதி தரங்கம்பாடியில், கடலூர்க்காரரான ஆரோன் என்பவர் தலையில் மிஷனரிமார் கை வைத்தார்கள். இந்தியாவில் பிராடஸ்டண்டு சபையில் குருப்பட்டம் பெற்ற முதல் இந்தியர் அவர். பிஷப் இல்லை, சங்கிலி இல்லை. பன்னிரண்டு வருஷம் மாயவரம் பக்கத்துக் கிராமங்களில் ஊழியம் செய்து 1745-இல் காலமானார். அவரிடம் நற்கருணை வாங்கிய ஜனங்களில் யாருக்கும் அது செல்லுமா என்ற சந்தேகம் இருந்ததாகத் தெரியவில்லை.

பிறகு ஸ்வார்ட்ஸ் ஐயர் காலம். 1750-இல் தரங்கம்பாடிக்கு வந்து, திருச்சிக்கும் தஞ்சைக்கும் போய், 1798-இல் தஞ்சையிலே மறையும்வரை ஒரு தடவைகூட ஊர் திரும்பாத மனிதர். சரபோஜி மன்னருக்கு அவர் தகப்பன் ஸ்தானத்தில் இருந்ததும், ஹைதர் அலியிடம் கும்பினியார் அவரைத் தூது அனுப்பியதும் சரித்திரப் பிரசித்தம். நம்முடைய விஷயத்துக்கு வேண்டியது வேறொன்று. திருச்சிக் கோட்டையில் வெள்ளைக்காரச் சிப்பாய்களுக்கு அவர் இங்கிலாந்து சபையின் ஜபப் புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு இங்கிலீஷில் ஆராதனை நடத்துவார். தமிழ்ச் சபையாருக்கு லுத்தரன் முறையில் தமிழில் நடத்துவார். ஞானஸ்நானம், கலியாணம், சாவு எல்லாம் இரண்டு கூட்டத்துக்கும் அவர்தான். 1662 சட்டப்படி, இங்கிலாந்தில் இருந்திருந்தால் அவரை ஒரு கிராமக் கோவில் மேடையில்கூட ஏறவிட்டிருக்க மாட்டார்கள். இங்கே அவர் இறந்ததும் கும்பினி டைரக்டர்கள் சென்னைக் கோட்டைக் கோவிலில் சலவைக்கல்லில் ஞாபகச் சின்னம் வைத்தார்கள். தஞ்சையில் சரபோஜி வைத்தது இன்னொன்று.

1790-இல் தஞ்சை மிஷனைச் சேர்ந்த சத்தியநாதனுக்கு லுத்தரன் முறையில் பட்டம் கொடுத்தபோது, லண்டன் சங்கத்தார் ஆட்சேபிக்கவில்லை. அவருடைய தமிழ்ப் பிரசங்கத்தை மொழிபெயர்த்து அச்சிட்டுப் பெருமைப்பட்டுக்கொண்டார்கள். பாளையங்கோட்டையில் கிளாரிந்தா அம்மாள் கட்டிய சிறு கோவிலைச் சுற்றி வளர்ந்த சபையைக் கவனிக்கப் போனவர் அவரே. திருநெல்வேலிக் கிறிஸ்தவத்தின் விதை அது.

விதை போட்ட அதே திருநெல்வேலியில்தான் சிக்கலும் முளைத்தது.

1813-இல் கும்பினியின் சாசனத்தைப் பார்லிமெண்டு புதுப்பித்தபோது, இந்தியாவுக்கு ஒரு பிஷப் வேண்டும் என்று தீர்மானமாயிற்று. அடுத்த வருஷம் மிடில்டன் என்பவர் கல்கத்தாவில் வந்து இறங்கினார். இதுவரை பிஷப் இல்லை என்ற சாக்கு இருந்தது. இனி அது இல்லை. தமது எல்லைக்குள் தமது சபையின் சம்பளத்தில், தமது சபை முறைப்படி பட்டம் பெறாதவர்கள் இத்தனை பேர் இருப்பதைக் கண்டு மிடில்டன் தர்மசங்கடப்பட்டார். அவருக்குப் பின் வந்த ஹீபர் கவிஞர், இளகின மனம். 1826 ஈஸ்டர் பண்டிகைக்குத் தஞ்சை வந்து, ஸ்வார்ட்ஸின் வளர்ப்புப் பிள்ளைபோல் இருந்த லுத்தரன் குரு கோலாஃப் முதலியவர்களோடு சேர்ந்து ஆராதனை நடத்தி, தமிழிலேயே ஆசீர்வாதமும் கூறினார். எட்டு நாள் கழித்துத் திருச்சியில் குளிக்கப் போன இடத்தில் தண்ணீரிலேயே உயிர் விட்டார். அவர் இன்னும் சில காலம் இருந்திருந்தால் கதை வேறுவிதமாகப் போயிருக்கலாம் என்று எண்ணத் தோன்றுகிறது. நாவல் எழுதுகிறவனுக்கு இந்த ஆசை வருவது இயற்கை. சரித்திரம் அதற்கு இடம் கொடுப்பதில்லை.

ரேனியஸ் ஐயருக்கு வருவோம். பிரஷ்ய தேசத்தில் 1790-இல் பிறந்து, லுத்தரன் முறையில் பட்டம் பெற்று, 1814-இல் சென்னைக்கு வந்தவர். அவரை அனுப்பியது சி.எம்.எஸ். என்ற இங்கிலாந்து சபையின் மிஷனரிச் சங்கம். அவர்களுக்கும் அதே கஷ்டம்: ஆங்கிலேயர் கிடைக்கவில்லை. பெர்லினிலிருந்து ஆள் பிடித்தார்கள். உன் தலையில் மறுபடியும் பிஷப் கை வைக்கட்டும் என்று யாரும் அவரைக் கேட்கவில்லை. 1820-இல் பாளையங்கோட்டைக்குப் போனார். பதினைந்து வருஷம். அந்தப் பதினைந்து வருஷத்தில் பனையேறிகளின் கிராமங்களிலே ஊர் ஊராகச் சபைகள் எழுந்தன, பள்ளிக்கூடங்கள் எழுந்தன. கிறிஸ்தவரானவர்களை ஊரை விட்டுத் துரத்தியபோது, அவர்களுக்கு நிலம் வாங்கிக் குடியேற்ற 1830-இல் தர்மசங்கம் ஒன்று வைத்தார். பிரஷ்யாவில் டோனா என்ற பிரபு அனுப்பிய பணத்தில் ஏற்பட்ட ஊருக்கு இன்றும் டோனாவூர் என்றே பெயர். தமிழ் இலக்கணம் எழுதினார். புதிய ஏற்பாட்டைப் புதிதாக மொழிபெயர்த்தார். அவருடைய பொறுப்பில் பத்தாயிரம் பேருக்குமேல் சேர்ந்துவிட்டார்கள்.

பத்தாயிரம் பேருக்கு ஞானஸ்நானமும் நற்கருணையும் கொடுக்க எத்தனை குருமார் வேண்டும்? கிராமங்களில் இருந்தவர்கள் உபதேசியார்கள். அவர்களுக்குப் பட்டம் இல்லை. அவர்களில் தேர்ந்தவர்களுக்கு, தரங்கம்பாடியில் ஆரோனுக்குச் செய்தது போல, தஞ்சையில் சத்தியநாதனுக்குச் செய்தது போல, நாங்களே கை வைத்துப் பட்டம் கொடுக்கிறோம் என்றார் ரேனியஸ். கூடாது, பிஷப்பிடம்தான் அனுப்ப வேண்டும் என்றது லண்டன் கமிட்டி. பிஷப்பிடம் போனால் இங்கிலாந்து சபையின் சட்டதிட்டங்கள் அத்தனைக்கும் கட்டுப்படுகிறேன் என்று அவர்கள் கையெழுத்துப் போட வேண்டும். பனங்காட்டு உபதேசியாருக்கும் இங்கிலாந்து தேசத்தின் சபைச் சட்டத்துக்கும் என்ன சம்பந்தம் என்பது ரேனியஸின் கேள்வி. அது நியாயமான கேள்வி என்றுதான் எனக்குப் படுகிறது. ஆனால் கமிட்டியாரும் அநியாயக்காரர்கள் அல்ல. சபையின் பெயரால் பணம் வசூலித்து, அந்தச் சபையின் முறையை விட்டுவிடு என்றால் அவர்கள் கணக்குக் கொடுக்க முடியுமா?

இந்தச் சமயத்தில், சென்னையில் இருந்த ஆங்கிலிக்கக் குரு ஹார்ப்பர் தமது சபையின் அமைப்பை உயர்த்தி ஒரு புத்தகம் எழுதினார். ரேனியஸ் 1834-இல் அதற்கு ஒரு மதிப்புரை எழுதி அச்சிட்டார். மதிப்புரை என்றால் இந்தக் காலத்து மதிப்புரை அல்ல. பிஷப் பரம்பரை, ஜபப் புத்தகம், சடங்கு எல்லாவற்றையும் பிய்த்து எறிந்துவிட்டார். தம் வேலைக்காரரே தம் சபையை இப்படி எழுதினால் எந்தச் சங்கம் பொறுக்கும்? 1835-இல் அவரை விலக்கினார்கள்.

ரேனியஸ் சண்டை போடவில்லை. கட்டிய கோவில், பள்ளிக்கூடம், பயிற்சி கொடுத்த பிள்ளைகள், எல்லாவற்றையும் விட்டுவிட்டுச் சக ஜெர்மானியர்களோடு வடக்கே ஆற்காட்டுப் பக்கம் போய்விட்டார். வேறு இடத்தில் புதிதாக ஆரம்பிக்கலாம் என்று எண்ணம். ஆனால் உபதேசியார்கள் விடவில்லை. வாருங்கள், வாருங்கள் என்று கடிதத்துக்குமேல் கடிதம். சில மாதத்துக்குள் திரும்பி வந்தார். அந்த நிமிஷத்தில் திருநெல்வேலிச் சபை இரண்டாகப் பிளந்தது. இந்த ஊர் ரேனியஸ் ஐயர் பக்கம், அந்த ஊர் சங்கத்தின் பக்கம். சில ஊர்களில் இந்தத் தெரு அவர் பக்கம், அந்தத் தெரு இவர்கள் பக்கம். யானைக்கு எந்த நாமம் என்பது போன்ற கதை பனங்காட்டிலும் வந்து சேர்ந்தது. முந்தின வருஷம் ஒரே பாயில் உட்கார்ந்து ஜபம் செய்தவர்கள் அவர்கள்.

சங்கத்தின் பக்கம் உறுதியாக நின்றவர்களில் ஜான் தேவசகாயம் ஐயர் ஒருவர். அவர் பிறந்து படித்து வளர்ந்ததெல்லாம் தரங்கம்பாடி லுத்தரன் மிஷனில்! 1830-இல் ஆங்கிலிக்கப் பிஷப்பிடம் பட்டம் பெற்றவர். தென்னாட்டு இந்தியர்களில் அந்தச் சபையில் முதல் குரு அவர். ஆரோனுடைய ஊரில் வளர்ந்த பிள்ளை பிஷப்பின் கையை ஏற்றார். பிஷப்பின் சங்கத்தில் சேர்ந்த ஜெர்மானியர் ஆரோனின் முறைக்காக வேலையை இழந்தார். இருவரும் மனச்சாட்சிக்கு விரோதமாக ஒன்றும் செய்யவில்லை. அதுதான் இந்தக் கதையில் என்னை வருத்துகிற விஷயம். ஒரு வில்லன் இருந்தால் எழுதுவது எவ்வளவு சுலபம்!

1838 ஜூன் 5-ஆம் தேதி ரேனியஸ் இறந்தார். வயது நாற்பத்தேழு. பாளையங்கோட்டை அடைக்கலாபுரத்தில் அவர் சமாதி இருக்கிறது. அவருக்குப் பிறகு அவர் பக்கத்துச் சபைகள் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பிப் போய்ச் சங்கத்தில் சேர்ந்துகொண்டன. பழைய ஏற்பாட்டின் கடைசி மனிதர், தஞ்சாவூர்க் கோலாஃப், 1844-இல் மறைந்தார். கடைசிவரை ஆங்கிலிக்கச் சங்கத்தின் கீழ் ஊழியம் செய்த லுத்தரன் குரு அவர். பிஷப் கை அவர் தலையில் படவே இல்லை. யாரும் அவரைத் தொந்தரவு செய்யவும் இல்லை. கிழவர்களுக்கு அந்தச் சலுகை உண்டு.

இதற்குள் ஜெர்மனியில் லுத்தரன்மார் தங்களுக்கென்று தனியாக ஒரு மிஷன் ஏற்படுத்தி, 1840-இல் தரங்கம்பாடிக்கு ஆள் அனுப்பினார்கள். பிற்பாடு லீப்ஸிக் மிஷன் என்று பெயர் பெற்றது. 1845-இல் டேனிஷ்காரர்கள் ஊரையே இங்கிலீஷ்காரருக்கு விற்றுவிட்டுப் போனார்கள். சிநேகம் போய்ப் போட்டி வந்தது. அதில் ஓர் அசிங்கத்தையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். 1833-இல் பிஷப் வில்ஸன், சபைக்குள் ஜாதி வித்தியாசம் கூடாது, உடனே விட்டுவிட வேண்டும் என்று உத்தரவு போட்டார். தஞ்சாவூரிலும் வேப்பேரியிலும் உயர்ந்த ஜாதியார் கொதித்தார்கள். பெரிய கவிஞரான வேதநாயக சாஸ்திரியாரே பழைய பழக்கங்களுக்காக வாதாடினவர். லீப்ஸிக் மிஷனார் ஜாதி விஷயத்தில் அவ்வளவு கண்டிப்புக் காட்டவில்லை. ஆகவே கோபித்துக்கொண்டவர்கள் பலர் ஆங்கிலிக்கக் கோவிலை விட்டு லுத்தரன் கோவிலுக்குப் போனார்கள். எங்கள் ஆடுகளைத் திருடுகிறீர்கள் என்று இவர்கள்; வழி தவறியவை தாய் வீட்டுக்கு வருகின்றன என்று அவர்கள். பிஷப்பின் கையா, குருவின் கையா என்ற ஐரோப்பியக் கேள்விக்குள், யார் பக்கத்தில் யார் உட்காருவது என்ற நம்முடைய கேள்வியும் புகுந்துகொண்டது. இரண்டில் எது வேதாந்தம், எது வீம்பு என்று பிரிக்க முடியாதபடி கலந்துவிட்டது.

அப்படியே எண்பது வருஷம் போயிற்று. 1914-இல் யுத்தம் வந்தது. ஜெர்மன் மிஷனரிமாரை அரசாங்கத்தார் காவலில் வைத்தார்கள்; பிறகு கப்பலேற்றி அனுப்பினார்கள். நடுநிலை வகித்த ஸ்வீடன் தேசத்தார் வந்து சபையைத் தாங்கினார்கள். 1919 ஜனவரி 14-ஆம் தேதி தமிழ் சுவிசேஷ லுத்தரன் திருச்சபை என்று சுயமான சபை ஏற்பட்டது. 1921-இல் ஹ்யூமன் என்ற ஸ்வீடிஷ்காரர் தரங்கம்பாடியின் முதல் பிஷப் ஆனார். ஸ்வீடன் லுத்தரன் நாடுதான். ஆனால் அந்தச் சபை மட்டும் பழைய பிஷப் பரம்பரையை அறுக்காமல் வைத்துக்கொண்டிருந்தது. ஸ்வீடனிலிருந்து ஒரு பிஷப் வந்து ஹ்யூமன் தலையில் கை வைத்தார். ஆரோனின் சபைக்கே சங்கிலி வந்துவிட்டது!

அதே 1919-ஆம் வருஷம், ஜாலியன்வாலா பாக் படுகொலை நடந்து மூன்று வாரம்கூட ஆகவில்லை. மே மாதம் 1, 2 தேதிகளில் அதே தரங்கம்பாடியில் முப்பத்து மூன்று பேர் கூடினார்கள். இருவரைத் தவிர எல்லாரும் இந்தியர்கள். ஆங்கிலிக்கர்களும், தென்னிந்திய ஐக்கிய சபையாரும். முன்னணியில் நின்றவர் அசரியா. திருநெல்வேலி வெள்ளாளன்விளையில் பிறந்து, 1912-இல் முதல் இந்திய ஆங்கிலிக்கப் பிஷப் ஆனவர். இன்னொருவர் ஐக்கிய சபையைச் சேர்ந்த வேதநாயகம் சந்தியாகு. எங்கள் பிரிவினைகளை நாங்கள் உண்டாக்கவில்லை, வெளியிலிருந்து வந்து எங்கள்மேல் சுமத்தப்பட்டவை, இனி ஒரே சபையாகச் சேர வேண்டும் என்ற கருத்தில் அறிக்கை வெளியிட்டார்கள். ரேனியஸ் எழுப்பிய கேள்வியைத்தான் எண்பத்து நாலு வருஷம் கழித்துத் தமிழர்கள் தங்கள் வாயால் கேட்டார்கள்.

கேட்டதற்குப் பதில் வர இருபத்தெட்டு வருஷம் ஆயிற்று. எல்லாப் பேச்சு வார்த்தையும் அந்தக் கையிலே வந்து முட்டிக்கொண்டது. பிஷப்புகள் வேண்டும் என்பார்கள் ஒரு சாரார். சரி, ஆனால் எங்கள் குருமாரை மறுபடி முழங்காலில் நிறுத்தினால் இதுவரை அவர்கள் கொடுத்த நற்கருணை என்ன ஆகும் என்பார்கள் மற்றவர்கள். கடைசியில் கண்ட வழி எளிதானது: ஏற்கெனவே பட்டம் பெற்ற குருமார், எந்த முறையில் பெற்றிருந்தாலும், அப்படியே ஏற்கப்படுவார்கள், இனிமேல் பட்டம் பெறுகிறவர்கள் தலையில் பிஷப்பும் குருமாரும் சேர்ந்து கை வைப்பார்கள். 1947 செப்டம்பர் 27-ஆம் தேதி சென்னை செயின்ட் ஜார்ஜ் கதீட்ரலில் தென்னிந்தியத் திருச்சபை பிறந்தது. அசரியா அதைப் பார்க்கவில்லை. 1945 முதல் தேதியன்றே போய்விட்டார்.

ஊர் கூடித் தேர் இழுத்தது; தேர் புறப்பட்ட தெருவின் சொந்தக்காரர் மட்டும் வடத்தைத் தொடவில்லை. லுத்தரன்மார் அந்த இணைப்பில் சேரவில்லை. இப்போது அவர்களிடம் பிஷப் இருந்தார். கைச் சண்டை இல்லை. ஆனால் நற்கருணையைப் பற்றியும், விசுவாச அறிக்கையைப் பற்றியும் முதலில் ஒத்துக்கொள்வோம், பிறகு சேருவோம் என்றார்கள். நியாயமில்லை என்று சொல்ல மாட்டேன். 1948 முதல் பல வருஷம் இரு சபைப் பண்டிதர்களும் உட்கார்ந்து பேசினார்கள். ஒவ்வொரு தலைப்பிலும் ஒத்த கருத்து என்று அறிக்கையும் அச்சாயிற்று. இணைப்பு மட்டும் ஆகவில்லை. 1956-இல் லுத்தரன் சபைக்கு ராஜா மாணிக்கம் முதல் இந்தியப் பிஷப் ஆனார். எல்லாச் சபைகளுக்கும் பொதுவான உலகச் சபைகளின் மன்றத்துக்காகக் கிழக்காசியா முழுதும் சுற்றி ஒற்றுமைக்குப் பாடுபட்டவர் அவர். அவராலும் அந்தக் கடைசி அடியை எடுத்துவைக்க முடியவில்லை.

மேலிடத்தில் முடியாதது வேறு இடங்களில் நடந்தது. 1969-இல் மதுரை அரசரடியில் இரு சபையாரும் சேர்ந்து ஒரே இறையியல் கல்லூரி வைத்தார்கள். இரு சபைக் குருமாரும் ஒரே வகுப்பில் ஒரே வாத்தியாரிடம் படித்துவிட்டுப் போய்த் தனித்தனியே பட்டம் பெறுகிறார்கள். ஐரோப்பாவிலும், பிரிட்டிஷ் ஆங்கிலிக்கர்களும் வட நாட்டு லுத்தரன்மார் பலரும் 1996-இல் ஒருவர் குருப்பட்டத்தை ஒருவர் ஏற்பதாக ஒப்பந்தம் செய்துகொண்டார்கள். சீகன்பால்கை அனுப்பிய டென்மார்க் சபை யோசித்து யோசித்து 2010-இல் கையெழுத்துப் போட்டது.

தரங்கம்பாடிக்குப் போகிறவர்கள் ராஜ வீதியில் நடந்தால் இரண்டு கோவில்களைப் பார்க்கலாம். ஒன்று சீயோன் ஆலயம். 1701-இல் டேனிஷ்காரர்கள், அதாவது லுத்தரன்மார், தங்களுக்காகக் கட்டியது. ஊர் கைமாறியபின் அது ஆங்கிலிக்கர் வசமாகி, இப்போது தென்னிந்தியத் திருச்சபையின் கோவிலாக இருக்கிறது. சில எட்டு தள்ளி, சீகன்பால்கு அடங்கியிருக்கும் புது எருசலேம். அது லுத்தரன் கோவில். ஞாயிற்றுக்கிழமை காலையில் இரண்டிலும் தனித்தனியே ஆராதனை. வேதநாயக சாஸ்திரியாரின் கீர்த்தனைகள் மட்டும் இரண்டு சபைப் பாட்டுப் புத்தகத்திலும் இருக்கின்றன.